தைத்தும் பின்னியும் பரிசு தர: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நம் கையாலேயே எதையாவது செய்து கொடுக்கலாம் என்று ஆசை வந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது நிறம், அப்புறம் டிசைன். துணியும் நூலும் வீட்டில் வந்து குவிந்த பிறகுதான் இதை யார் பயன்படுத்தப் போகிறார், எப்படித் துவைக்கப் போகிறார் என்ற யோசனையே வருகிறது. இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். பெறுபவரைப் பார்ப்போம், அவர் வீட்டில் துணி துவைக்கும் விதத்தைப் பார்ப்போம், அதற்கேற்ற துணியையும் நூலையும் எடுப்போம். டிசைன் கடைசியில் வரட்டும். கைவேலைப் பரிசு நிலைக்குமா நிலைக்காதா என்பது பெரும்பாலும் முதல் துவைப்பிலேயே தெரிந்துவிடும்.

முதலில் ஆள், பிறகு பொருள்

ஒரு தாளில் பெறுபவரின் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தினமும் கையில் எடுக்கும் பொருள் எது? வீட்டில் துணி துவைப்பது மெஷினா, கையா? தோலுக்கு ஒத்துக்கொள்ளாத துணி ஏதாவது உண்டா?

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எல்லாத் துணியும் மெஷினுக்குள்தான் போகும். தனியாக எடுத்து, குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, விரித்துப் போட்டுக் காயவைக்க வேண்டிய கம்பளிப் போர்வையை அங்கே கொடுத்தால், பரிசோடு ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். விரல் மூட்டு வலிக்கும் பெரியவருக்குச் சின்னப் பட்டன் வைத்த பை உதவாது. அகலமாக வாய் திறக்கும் பை அல்லது வெல்க்ரோ வைத்த பை சரி. வீட்டில் பூனை இருந்தால் தொங்கல் நூல், குஞ்சம் எதுவும் வேண்டாம். பூனைகள் நூலை மென்று விழுங்கிவிடும், அது குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகும்.

உடம்பளவு கச்சிதமாகத் தேவைப்படும் ஸ்வெட்டர், சட்டை, காலுறை எல்லாவற்றையும் முதல் வருடம் ஒதுக்கி வையுங்கள். பை, குஷன் உறை, துடைப்புத் துணி, மஃப்ளர், தொப்பி, சதுரங்களை இணைத்த போர்வை என்று அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் பயன்படும் பொருள்களே போதும். நிறத்தைக் கேட்டுவிடுவதிலும் தப்பில்லை. ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஊகித்துச் செய்து, அவர் ஒருநாளும் போடாத நிறத்தில் மஃப்ளர் கொடுப்பதால் யாருக்கு என்ன லாபம்?

துணி, நூல்: எதை எதற்கு

பருத்தி துவைக்கத் துவைக்க மென்மையாகும், தண்ணீரை நன்றாக உறிஞ்சும், சூடு தாங்கும். துடைப்புத் துணி, பை, குழந்தையின் கழுத்துத் துணி எல்லாவற்றுக்கும் அதுதான். கனமான பொருளைப் பருத்தி நூலில் பின்னினால் தன் எடையிலேயே தொங்கி நீளும் என்பது மட்டும் குறை.

அக்ரிலிக் நூல் விலை குறைவு, மெஷினில் துவைக்கலாம், கம்பளிபோல் சுருங்கி இறுகாது. அதனால் போர்வைக்கும் தொப்பிக்கும் புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் சூடு ஆகாது. இஸ்திரிப் பெட்டியோ நீராவியோ அதிகம் பட்டால் பின்னலின் நெளிவும் துள்ளலும் போய்த் துவண்டுவிடும், பழையபடி ஆக்க முடியாது. சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை ஒருபோதும் அக்ரிலிக்கில் செய்யாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும்.

கம்பளியின் கதகதப்பே தனி. ஆனால் கம்பளி இழையின் மேல் செதில் செதிலாக ஒரு அமைப்பு உண்டு. சுடுநீரும் சோப்பும் உரசலும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகிவிடும். பெரியவர் போட்ட ஸ்வெட்டர் குழந்தை அளவுக்குச் சுருங்குவது இப்படித்தான். மெஷினில் துவைக்கும்படி பதப்படுத்திய கம்பளியும் கிடைக்கிறது, லேபிளில் சூப்பர்வாஷ் என்று போட்டிருக்கும். பெறுபவருக்கும் பின்னல் தெரியும், கம்பளியைப் பராமரிக்கவும் தெரியும் என்றால் மட்டும் சாதாரணக் கம்பளியில் செய்து கொடுங்கள்.

நூல்கண்டின் லேபிளைப் படிக்கப் பழகுங்கள். 0 முதல் 7 வரை ஒரு எண் இருக்கும், அது நூலின் பருமன். 0 மிக மெல்லியது, 7 கயிறுபோலப் பருத்தது. புதியவர்களுக்கு 4 வசதி. அதே லேபிளில் சாயத் தொகுதி எண்ணும் இருக்கும். ஒரே நிறப் பெயராக இருந்தாலும் வேறு தொகுதியில் சாயமேற்றிய நூல் லேசாக மாறித் தெரியும், முக்கியமாகப் போர்வை மாதிரி பெரிய பரப்பில். அதனால் தேவையானதை ஒரே தடவையில், ஒரே தொகுதி எண் பார்த்து வாங்குங்கள். 4-ஆம் எண் அக்ரிலிக் 100 கிராம் ஏறக்குறைய 180 முதல் 220 மீட்டர் வரும். பெரியவர்களுக்கான ஒரு மஃப்ளருக்கு 200 கிராம் கையில் இருந்தால் கவலையில்லை.

துணியைப் பொறுத்தவரை ஒரே விதி: வெட்டுவதற்கு முன் துவையுங்கள். பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சகஜம். வெளித்துணி சுருங்கி லைனிங் துணி சுருங்காவிட்டால் பை முறுக்கிக்கொண்டு நிற்கும். பெறுபவர் எப்படித் துவைப்பாரோ அதே விதத்தில் நீங்களும் ஒருமுறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம் வெட்டுங்கள். அடர்சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் ஈரமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணியை வெளிர் நிறத்தோடு சேர்க்க வேண்டாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

தையலுக்கு: துணிக்கு மட்டும் வைத்திருக்கும் கூரான கத்தரி (காகிதம் வெட்டினால் மழுங்கிவிடும்), டேப், சாக்பீஸ், குண்டூசி, தையல் பிரிக்கும் கருவி, பாலியெஸ்டர் தையல் நூல், இஸ்திரிப் பெட்டி. நேர்த்தையல் போடும் எந்த மெஷினும் போதும். மெஷினே இல்லாவிட்டாலும் சின்னப் பொருளைக் கையாலேயே பின்தையல் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்க் குத்துவது) போட்டு முடிக்கலாம், உறுதியில் குறையொன்றும் இருக்காது.

மெஷின் ஊசிதான் பலரும் அலட்சியம் செய்யும் பொருள். சாதாரணப் பருத்திக்கு 80/12 எண் ஊசி, கனமான துணிக்கு 90/14 அல்லது 100/16, டி-ஷர்ட் மாதிரி இழுபடும் துணிக்கு முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி. ஏறக்குறைய 8 மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றிவிடுங்கள். தையல் விட்டு விட்டு விழுகிறது, துணியில் டக் டக் என்று சத்தம் வருகிறது என்றால் மெஷினைத் திட்டுவதற்கு முன்னால் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

பின்னலுக்கு: முனையில் கொக்கி உள்ள 5 மி.மீ. குரோஷே ஊசி ஒன்று, நூலை உள்ளே செருக மழுங்கிய முனையுள்ள பெரிய ஊசி ஒன்று, சின்னக் கத்தரி, அடையாளம் வைக்க நான்கைந்து சேஃப்டி பின். இரண்டு ஊசி வைத்துப் பின்னும் நிட்டிங்கை விட, ஒற்றை ஊசியில் போடும் குரோஷே புதியவர்களுக்குச் சுலபம் என்பது என் கருத்து. குரோஷேயில் ஒவ்வொரு பின்னலையும் முடிக்கும்போது ஊசியில் ஒரு கண்ணிதான் இருக்கும். தப்பு வந்தால் பிரித்து அந்த ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கலாம்.

முதல் தையல் பரிசு: துணிப்பை

பையைத் தேர்ந்தெடுக்கக் காரணம், நேர்த்தையல் தெரிந்தால் போதும், அளவு தப்பாது, யாருக்கும் பயன்படும். முடிந்த பை 35 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரக் கனமுள்ள பருத்தி எடுங்கள்; மிகக் கனமான கேன்வாஸில் கீழே சொல்லும் மறைதையல் தடித்துப் போகும்.

வெட்டும் அளவு: உடலுக்கு 38 செ.மீ. அகலம், 84 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டு. பிடிக்கு 10 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு. நீளப் பக்கம் துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும். கிராஸாக வெட்டினால் பிடி நாளடைவில் இழுபட்டு நீண்டுவிடும்.

பிடியில் தொடங்குங்கள். துண்டை நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி போடுங்கள். விரித்து, இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடியுங்கள், மறுபடி பாதியாக மடியுங்கள். இப்போது நான்கு மடிப்பாக 2.5 செ.மீ. அகலம் இருக்கும். இரு ஓரத்திலும் நேர்த்தையல் போடுங்கள். தையல் நீளம் 3 மி.மீ. இருக்கட்டும்.

அடுத்தது பக்கவாட்டுத் தையல். உடல் துண்டை நல்ல பக்கம் வெளியே தெரியும்படி பாதியாக மடியுங்கள். தலைகீழாக மடிப்பதுபோலத் தோன்றும், பரவாயில்லை. ஓரத்திலிருந்து 6 மி.மீ. விட்டு இரு பக்கமும் தையுங்கள். தைத்த விளிம்பை 3 மி.மீ. அளவுக்கு நறுக்கிவிட்டுப் பையை உள்வெளியாகத் திருப்புங்கள். மடிப்பை நன்றாக இஸ்திரி போட்டு, இப்போது ஓரத்திலிருந்து 9 மி.மீ. விட்டு மறுபடி தையுங்கள். பிசிறு எல்லாம் இரண்டு தையலுக்கும் நடுவில் அடைபட்டுவிடும். ஓவர்லாக் மெஷின் இல்லாமலே உள்பக்கம் சுத்தமாக இருக்கும், எத்தனை முறை துவைத்தாலும் நூல் பிரியாது. மேலே சொன்ன மறைதையல் இதுதான், பிரெஞ்ச் சீம் என்பார்கள். ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நான்கு தையல் முன்னும் பின்னுமாகப் போட்டுப் பூட்டுங்கள்.

மேல் விளிம்பை உள்பக்கமாக முதலில் 1 செ.மீ., அப்புறம் 3 செ.மீ. மடித்து இஸ்திரி போடுங்கள். பிடியின் முனைகளை அந்த மடிப்புக்குள் நுழையுங்கள், பக்கத் தையலிலிருந்து 8 செ.மீ. தள்ளி. பிடி கீழ்நோக்கித் தொங்கிய நிலையில் மடிப்பின் கீழ் ஓரத்தைச் சுற்றித் தையுங்கள். பிறகு பிடியை மேலே திருப்பி, பையின் மேல் ஓரத்தை ஒட்டி இன்னொரு சுற்று. கடைசியாகப் பிடி சேரும் நான்கு இடங்களிலும் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போடுங்கள். கனம் தாங்குவது இந்தத் தையல்தான், இதைத் தவிர்த்தால் பிடி ஒருநாள் கையோடு வந்துவிடும்.

அடிப்பகுதி பெட்டிபோல விரிய வேண்டுமென்றால், கீழ் மூலையை முக்கோணமாகப் பிடித்து, பக்கத் தையல் நடுவில் வரும்படி வைத்து, 8 செ.மீ. அகலம் வரும் இடத்தில் குறுக்கே தையுங்கள். பையின் உயரம் இதில் 4 செ.மீ. குறையும், அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே துணியை 8 செ.மீ. நீளமாக வெட்டிக்கொள்ளலாம்.

பை கைவந்தால் குஷன் உறை அரை மணி நேர வேலை. 40 செ.மீ. குஷனுக்கு முன்பக்கம் 42-க்கு 42, பின்பக்கம் 42-க்கு 30 அளவில் இரண்டு துண்டு. பின் துண்டுகளின் ஒரு ஓரத்தை 1 செ.மீ., 2 செ.மீ. என்று மடித்துத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்க நான்கு பக்கமும் 1 செ.மீ. விட்டுத் தைத்துத் திருப்பினால் முடிந்தது. ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம், நடுவில் 12 செ.மீ. ஏற்றம் இருப்பதால் வாய் பிளக்காது.

முதல் நூல் பரிசு: துடைப்புத் துணி, பிறகு சதுரம்

மஃப்ளரில் தொடங்காதீர்கள். பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், பாதியில் சலித்துவிடுகிறது. அதற்குள் கண்ணியின் இறுக்கமும் மாறிப்போய், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுங்கியும் நிற்கும். முகம் துடைக்கும் சின்னத் துணி ஒரே மாலையில் முடியும், கொஞ்சம் கோணினாலும் வேலை செய்யும்.

பருத்தி நூல், வெளிர் நிறம், சுருள் இல்லாத வழவழப்பானதாக எடுங்கள். கறுப்பில் கண்ணியே தெரியாது. 26 செயின் (ஊசியில் இருக்கும் கண்ணி வழியே நூலை இழுத்துப் போடும் சங்கிலிக் கண்ணி) போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள் குரோஷே (கண்ணிக்குள் ஊசியை நுழைத்து நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் இரண்டு கண்ணி வழியேயும் மறுபடி நூலை இழுப்பது), மொத்தம் 25. ஒரு செயின் போட்டுத் திருப்புங்கள், மறுபடி 25. இப்படியே சதுரமாகும் வரை. ஒரு பக்கம் ஏறக்குறைய 20 செ.மீ. வரும். ஒவ்வொரு வரியையும் எண்ணுங்கள். துணி முக்கோணமாகக் குறுகிக்கொண்டே போனால் வரியின் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறீர்கள். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் சேஃப்டி பின் மாட்டி வைத்தால் அந்தத் தொல்லை போய்விடும்.

வேறு ஒருவர் எழுதிய செய்முறையைப் பார்த்துச் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்று சொல்வதைப் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். குழப்பம்தான், ஆனால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: செய்முறையில் எங்காவது சிங்கிள் குரோஷே என்ற பெயர் வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. இங்கே நான் சொல்வதெல்லாம் அமெரிக்க முறை.

அடுத்தது கிரானி ஸ்கொயர். போர்வை, குஷன், பை, சால்வை என எதற்கும் இது அடிக்கல். 4 செயின் போட்டு, முதல் செயினில் ஸ்லிப் ஸ்டிச்சால் (ஊசியை நுழைத்து இழுத்த நூலை ஊசியில் இருக்கும் கண்ணி வழியேயும் சேர்த்து இழுப்பது) வளையமாக்குங்கள். 3 செயின் (இது ஒரு டபுள் குரோஷேக்குச் சமம்), வளையத்துக்குள் இன்னும் 2 டபுள் குரோஷே (ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நுழைத்து நூலை இழுத்து, இரண்டிரண்டு கண்ணி வழியாக இரண்டு முறை நூலை இழுத்து முடிப்பது), 2 செயின். அப்புறம் 3 டபுள், 2 செயின் என்று மூன்று முறை. தொடங்கிய மூன்றாவது செயினின் தலையில் ஸ்லிப் ஸ்டிச் போட்டு மூடுங்கள். நான்கு கூட்டம், நான்கு மூலை இடைவெளி இருக்க வேண்டும்.

இரண்டாவது சுற்றுக்கு ஸ்லிப் ஸ்டிச்சாகவே நகர்ந்து மூலை இடைவெளிக்கு வாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் 3 டபுள், 2 செயின், 3 டபுள். மூலைக்கும் மூலைக்கும் நடுவே 1 செயின். மூன்றாவது சுற்றிலிருந்து மூலையில் அதேதான். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு 1 செயின் இடைவெளியிலும் ஒரு 3 டபுள் கூட்டம். எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகலாம். சுற்றுகள் ஏற ஏறச் சதுரம் ஒரு பக்கமாகச் சுழன்று கோணுவதுபோலத் தெரிந்தால், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வேலையைத் திருப்பிப் போட்டுப் பின்னுங்கள், சரியாகிவிடும். நடுப்பகுதி கிண்ணம்போலக் குழிந்தால் கண்ணி இறுக்கமாக விழுகிறது, அரை மி.மீ. பெரிய ஊசிக்கு மாறுங்கள்.

தொப்பிக்குச் சுற்றில் கூட்டிக் குறைக்கத் தெரிய வேண்டியதில்லை. 25 செ.மீ. நீளத்துக்குச் செயின் போட்டு, ஒவ்வொரு வரியிலும் கண்ணியின் பின்னிழையை மட்டும் எடுத்துப் பின்னிக்கொண்டே போங்கள். ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பட்டை மாதிரி (ரிப்) இழுபடும் துணி வரும். அது தலைச் சுற்றளவை விட 5 செ.மீ. குறைவான நீளம் வந்ததும் முதல் வரியையும் கடைசி வரியையும் சேர்த்துத் தைத்துக் குழாயாக்கி, மேல் வாயை நூல் கோத்து இழுத்துச் சுருக்கிக் கட்டுங்கள். பெரியவர்களின் தலை பெரும்பாலும் 54 முதல் 58 செ.மீ. இருக்கும்.

எதைப் பின்னினாலும் நூல் முனையை 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். பெரிய ஊசியில் கோத்து ஒரு திசையில் செருகி, திரும்பி எதிர்த்திசையில், மறுபடி முதல் திசையில் என்று மூன்று முறை மறைத்துவிடுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் துவைப்பில் அவிழும். இந்த வேலை அலுப்பானதுதான், ஆனால் இங்கே அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண்.

குழந்தைகளுக்குச் செய்யும்போது

இங்கே அழகு இரண்டாம்பட்சம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கான பொம்மையில் பட்டன், மணி, பிளாஸ்டிக் கண் எதுவும் வேண்டாம். கண்ணையும் வாயையும் நூலால் தைத்துவிடுங்கள். சேஃப்டி கண் என்று விற்கும், பின்பக்கம் வளையம் பூட்டும் பிளாஸ்டிக் கண்ணும் பின்னல் துணியின் துளை விரிந்தால் பிதுங்கி வெளியே வரலாம். பஞ்சு வெளியே தெரியாதபடி நெருக்கமாகப் பின்ன வேண்டும், அதற்கு லேபிள் சொல்வதை விடச் சின்ன ஊசி எடுங்கள். தொப்பியில் கட்டும் நாடாவோ கழுத்துக் கயிறோ கூடாது. போர்வையில் பெரிய துளைகள் வைத்த டிசைன் குட்டி விரல்களைச் சிக்கவைக்கும், நெருக்கமான பின்னலே நல்லது.

ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. கைவேலைப் போர்வையைக் கொடுக்கும்போது, இது தரையில் விரித்து விளையாடவும் தள்ளுவண்டியில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது போர்த்தவும்தான் என்று சொல்லியே கொடுங்கள்.

அறக்கொடையாகச் செய்யும்போது

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மனது நல்லதுதான், ஆனால் கேட்காமல் செய்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் நடந்ததைப் பாருங்கள். 2001-இல் அங்கே கடலில் எண்ணெய் கசிந்து லிட்டில் பென்குயின் என்ற சிற்றினத்தைச் சேர்ந்த 438 பென்குயின்கள் பாதிக்கப்பட்டன. அலகால் இறகைக் கோதும்போது நச்சு எண்ணெய் வயிற்றுக்குள் போகும் என்பதால், கழுவும் வரைக்கும் அவற்றுக்குப் பின்னிய சட்டை போட்டார்கள். 96 சதவீதம் பிழைத்தன. செய்தி பரவியதும் உலகம் முழுவதிலிருந்தும் சட்டைகள் வந்து குவிந்தன. எண்ணெய் கசிவு அடிக்கடி நடப்பதில்லை, பென்குயினுக்குத் தேவையானதை விடப் பல மடங்கு சட்டை சேர்ந்துவிட்டது. மிஞ்சியவற்றைப் பொம்மைப் பென்குயின்களுக்குப் போட்டு விற்று நிதி சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கே அதற்கொரு வழி கிடைத்தது. ஒரு சின்ன ஆசிரமத்துக்கோ மருத்துவமனைக்கோ வேண்டாத நூறு தொப்பி வந்து சேர்ந்தால் அதை அடுக்கி வைக்கவே ஆள் போட வேண்டும்.

ஆகவே முதல் படி, கேட்பது. என்ன வேண்டும், எந்த அளவில், எந்த நூலில், எத்தனை, எந்தத் தேதிக்குள், யாரிடம் ஒப்படைப்பது. பதிலை எழுதி வைத்துக்கொண்டு அப்படியே செய்யுங்கள். அளவு சொல்லியிருந்தால் அதில் சொந்தக் கற்பனை வேண்டாம். அமெரிக்காவில் ஈவி ரோசன் 1991-இல் தொடங்கிய 'வார்ம் அப் அமெரிக்கா' அமைப்பு 7-க்கு 9 அங்குலத் துண்டுகளைத்தான் கேட்கிறது. முன்பின் தெரியாத பலர் அனுப்பும் 49 துண்டுகள் சேர்ந்தால் ஒரு போர்வை. ஒருவர் 8 அங்குலத்தில் அனுப்பினால் இணைப்பவருக்குத்தான் திண்டாட்டம். புதியவருக்கு இதுபோன்ற துண்டு முறை மிகப் பொருத்தம். முழுப் போர்வை செய்யும் பொறுமை வேண்டாம், ஒரு துண்டு கொடுத்தாலும் அது பயன்படும்.

மருத்துவமனைக்குச் செய்வதில் விதிகள் இன்னும் கறார். குறைமாதக் குழந்தைகளுக்கான குரோஷே ஆக்டோபஸ் 2013-இல் டென்மார்க்கில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. அதன் சுருள் கால்களைப் பிடித்துக்கொள்ளும் குழந்தை டியூப்களை இழுக்காது என்பது எண்ணம். நூல் முழுப் பருத்தி, 60 டிகிரியில் துவைபட வேண்டும், கால்களை இழுத்து நீட்டினாலும் 22 செ.மீ. தாண்டக் கூடாது என்று அந்தத் திட்டம் வரையறுத்தது. எல்லா மருத்துவமனையும் இதை ஏற்பதில்லை. உங்கள் மருத்துவமனை வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வாதாடாதீர்கள்.

புற்றுநோய் சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கான தொப்பியில் மென்மைதான் எல்லாம். அந்தச் சமயத்தில் உச்சந்தலைத் தோல் மிகவும் நொய்ந்திருக்கும். கம்பளி உறுத்தும், மொஹேர் (அங்கோரா ஆட்டு முடி) போன்ற முடி நூல் அரிக்கும், உள்பக்கத் தடித்த தையல் அழுத்தும். மென்மையான பருத்தி அல்லது குழந்தைகளுக்கான அக்ரிலிக் எடுத்து, நூலைக் கழுத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். உங்களுக்கே உறுத்தினால் அது வேண்டாம். முடி இல்லாத தலை கொஞ்சம் சிறியது, காதையும் பிடரியையும் மூடவும் வேண்டும்.

முதியோர் இல்லத்துக்கு மடிப்போர்வை நல்ல பொருள். 90-க்கு 90 செ.மீ. போதும். பெரிதானால் சக்கர நாற்காலியின் சக்கரத்தில் சிக்கும், குஞ்சம் வைத்தாலும் அதே கதி. நினைவு மங்கியவர்களின் கை எப்போதும் எதையாவது நெருடிக்கொண்டே இருக்கும். அவர்களுக்காக இரு பக்கமும் கை நுழைக்கும்படி குழாய் மாதிரிப் பின்னி, உள்ளும் வெளியும் பட்டன், ரிப்பன், விதவிதமான நூல் துண்டுகள் தைத்துக் கொடுப்பதுண்டு. மீந்த நூலுக்கெல்லாம் நல்ல வழி. ஒவ்வொரு பட்டனையும் தைத்த பிறகு முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள், வாய்க்குள் போய்விடக் கூடாது.

ஒப்படைக்கும் முன் துவைத்துக் காயவையுங்கள். நறுமணம் இல்லாத சோப்பு நல்லது. புகை வாசம், வளர்ப்புப் பிராணிகளின் முடி இருக்கக் கூடாது. தொடங்கும்போது குண்டூசிகளை எண்ணி எடுங்கள், முடிந்ததும் எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும் வரை அந்தப் பொருள் வீட்டை விட்டுப் போகக் கூடாது.

நாள் கணக்கு

கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். துவைத்துக் காய, முனைகளை மறைக்க, பொட்டலம் கட்ட என்று ஒரு வாரத்தைத் தனியாக எடுத்துவிடுங்கள். மீதியில், ஒரு துண்டு செய்ய எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்து, அதைப் பெருக்கிப் பாருங்கள். பத்துப் பேருக்குப் போர்வை என்ற திட்டம் இந்தக் கணக்கிலேயே இரண்டு பேருக்குப் போர்வை, எட்டுப் பேருக்குத் துடைப்புத் துணி என்று சுருங்கிவிடும். அது நல்லதுக்குத்தான்.

நிறையச் செய்ய வேண்டியிருந்தால் பைகளைத் தனித்தனியாக முடிக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டுங்கள், அடுத்த நாள் பிடிகளை மட்டும், அப்புறம் பக்கத் தையல்கள் என்று படிப்படியாகப் போங்கள். இஸ்திரிப் பெட்டியும் மெஷினும் மாறி மாறிக் காத்திருக்காது.

கூடவே வைக்க வேண்டியவை

கைவேலையில் கடை லேபிள் இருக்காது. அதனால் ஒரு சின்ன அட்டையில் எழுதி வையுங்கள்: என்ன நூல் அல்லது துணி, மெஷினில் போடலாமா, எத்தனை டிகிரி, இஸ்திரி போடலாமா, தொங்கவிட்டுக் காயவைக்கலாமா அல்லது விரித்துப் போட வேண்டுமா. பின்னிய கனமான பொருளைக் கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும் என்பது பின்னாதவர்களுக்குத் தெரியாது. அதே அட்டையில் இரண்டு மீட்டர் நூலைச் சுற்றி, பட்டன் இருந்தால் உபரியாக ஒன்றும் தைத்து வையுங்கள். எங்காவது நூல் அறுந்தால் உங்களிடம் கொண்டு வரச் சொல்லுங்கள். நூலின் லேபிளையும் ஊசி அளவையும் யாருக்குச் செய்தது என்ற குறிப்போடு நீங்களும் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தால், தைத்துக் கொடுக்கும்போது அதே நூலைத் தேடி அலைய வேண்டியிருக்காது.